அம்மா சொன்ன விலை

நம் ஊரில் 'சார்' பட்டத்துக்குப் பஞ்சமே கிடையாது. கண்டக்டர் சார், போஸ்ட்மேன் சார், குழாய் ரிப்பேர் பார்க்க வருகிறவரும் சார். வழி கேட்கிறவர் சார், சொல்கிறவரும் சார். அந்தச் சொல் பிறந்த இங்கிலாந்தில் அது அரண்மனையிலிருந்து வர வேண்டிய சமாசாரம். கிரிக்கெட்டுக்காக பிராட்மேனுக்கு 1949-லேயே கொடுத்துவிட்டார்கள். குதிரை ஓட்டிய கார்டன் ரிச்சர்ட்ஸுக்கு 1953-ல். கால்பந்தில் ஸ்டான்லி மேத்யூஸுக்கு 1965-ல். ரக்பி லீக் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. அது பிறந்து 130 வருஷம் வரை அதில் ஆடியதற்காக ஒருவருக்குக்கூட அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. 2025 ஜூன் மாதம்தான் முதல் ஆளுக்குக் கிடைத்தது. பெயர் பில்லி பாஸ்டன். வயது 90. மறதி நோய் வந்து சுமார் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

நான் விகன் என்ற ஊருக்குக் குடிவந்து ஆறு வருஷமாகிறது. மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் நடுவே, ஒரு காலத்தில் நிலக்கரியும் பஞ்சாலையுமாகப் பிழைத்த ஊர். வந்த முதல் வருஷம் இந்தப் பெயரே எனக்குத் தெரியாது. ஊர் நடுவே சதுக்கத்தில், பந்தைப் பிடித்தபடி ஓடுகிற ஒரு கறுப்பினத்தவரின் வெண்கலச் சிலையைத் தாண்டித்தான் வங்கிக்குப் போவேன். யாரோ உள்ளூர்ப் பிரமுகர் என்று நினைத்து நின்றுகூடப் பார்த்ததில்லை. சிலைகளைத் தாண்டிப் போவதில் நமக்கு இருக்கிற பயிற்சி வேறு யாருக்கும் கிடையாது.

அறிமுகம் செய்து வைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அப்பா சுரங்கத் தொழிலாளி, இவர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் டெஸ்கோவில் வெண்டைக்காயும் பாலும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறேன், இவர் தள்ளுவண்டியோடு எதிரே வருகிறார். "கார் எங்கே விட்டிருக்கே தம்பி?" என்றார். கையைக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நிலம் அளக்கிற ஆசாமி மாதிரி தூரத்தைப் பார்த்துவிட்டு, "அங்கேதான் பில்லி ட்ரை போடுவார்" என்றார். ட்ரை என்றால் கால்பந்தில் கோல் மாதிரி.

அந்த டெஸ்கோ இருக்கும் இடம்தான் சென்ட்ரல் பார்க். விகன் அணியின் பழைய மைதானம். பக்கத்தில் டக்ளஸ் ஆறு. ஆறு என்று பெயர், நம் ஊர் வாய்க்கால் அளவுக்கு ஓடும். 1999 செப்டம்பரில் கடைசி ஆட்டம் ஆடிவிட்டு மைதானத்தை இடித்தார்கள். 1959 மார்ச்சில், பக்கத்து ஊரும் பங்காளியுமான செயின்ட் ஹெலன்ஸ் ஆட வந்தபோது அங்கே கூடிய கூட்டம் 47,747. இப்போது சனிக்கிழமை சாயங்காலம் அதே இடத்தில் தள்ளுவண்டிக்குச் சண்டை நடக்கும்.

பெரியவர் அந்தக் காலத்தில் பத்து வயசுப் பையன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போவாராம். "பில்லி கைக்குப் பந்து வந்ததும் மொத்தக் கூட்டமும் குதிகாலைத் தூக்கி எக்கும். எனக்கு முன்னாலே நிற்கிற ஆளோட கோட்டு முதுகுதான் தெரியும். அவர் போட்ட ட்ரையிலே பாதியை நான் காதாலேதான் பார்த்தேன்." இந்த ஒரு வரிக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே என்னை இழுத்துக்கொண்டு போய் 'விகன் கபாப்' வாங்கிக் கொடுத்தார். கபாப் என்றால் கபாப் இல்லை. இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' (pie) என்ற மாவுப் பண்டத்தை அப்படியே ஒரு பன்னுக்குள் செருகிக் கொடுப்பார்கள். மாவுக்குள் மாவு. இந்த ஊர்க்காரர்களை மற்றவர்கள் 'பை தின்னிகள்' என்று கேலி செய்வார்கள். இவர்கள் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். என் வாயெல்லாம் மாவாக இருந்தபோது அவர் பில்லியின் கதையை ஆரம்பித்தார். மீதியை நான் பிற்பாடு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கதைக்கு முன்னால் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ரக்பியில் இரண்டு வகை. பணக்காரப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் வளர்த்தது யூனியன், பக்கத்துக்கு 15 பேர். வடக்கத்தித் தொழிலாளர்கள் பிரித்துக்கொண்டு வந்தது லீக், 13 பேர். பிரிந்ததற்குக் காரணம் காசு. சனிக்கிழமை ஆட்டம், சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை. ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலியை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும், ஆளுக்கு ஆறு ஷில்லிங் கொடுக்கலாமா என்று வடக்கத்தி கிளப்புகள் கேட்டன. கௌரவமான ஆட்டத்தில் கூலிப் பேச்சா என்று தெற்கே முகம் சுளித்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஜார்ஜ் ஹோட்டலில், விகன் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட கிளப்புகள் கூடி, 'உங்கள் சங்காத்தமே வேண்டாம்' என்று தனிக்கடை போட்டன.

அப்புறம் நடந்ததுதான் நமக்கு நன்றாகப் புரிகிற விஷயம். லீக் பக்கம் போய்க் காசு வாங்கினவனை யூனியன் ஜாதிப் பிரஷ்டம் செய்தது. ஆயுசுக்கும் உள்ளே வர முடியாது. இந்தத் தள்ளிவைப்பு 1995 ஆகஸ்ட் வரை, நூறு வருஷம் நீடித்தது. கடைசியில் யூனியனே 'இனி நாங்களும் காசு வாங்கிக்கொள்ளலாம்' என்று தீர்மானம் போட்டதும்தான் விஷயம் முடிந்தது. இதைப் படித்தபோது நான் சிரித்தது பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும்.

சரி, பில்லி. 1934 ஆகஸ்ட் 6-ல் வேல்ஸின் கார்டிஃப் துறைமுகத்தையொட்டிய டைகர் பே பகுதியில், ஏஞ்சலினா தெருவில் பிறந்தார். அப்பா சியரா லியோனிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. அம்மா ஐரிஷ் வம்சம். வீட்டில் மொத்தம் பதினோரு பிள்ளைகள். கப்பலில் வந்து இறங்கின எல்லா தேசத்துக்காரனும் குடியிருந்த இடம் டைகர் பே: சோமாலியர், ஏமனியர், மேற்கிந்தியர், போர்த்துகீசியர், நார்வேக்காரர். அங்கே வளர்கிற பையனுக்கு ஒரே ஆசைதான் இருக்க முடியும். கார்டிஃப் கிளப்புக்கு யூனியன் ஆட வேண்டும், அப்புறம் வேல்ஸின் சிவப்புச் சட்டை.

மைதானம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அழைப்பு வரவில்லை. பக்கத்து ஊர்களான நீத், பாண்டிப்ரித் கிளப்புகளுக்கு ஆடினார். கட்டாய ராணுவச் சேவைக்காக யார்க்‌ஷயரிலிருக்கும் காட்டரிக் முகாமுக்குப் போனார். அங்கே ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவு அணியில் சகட்டுமேனிக்கு ட்ரை போட்டார். வடக்கத்தி லீக் கிளப்புகளின் ஆட்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். கார்டிஃப் பார்க்கவில்லை. நிறம்தான் காரணம் என்று யாரும் எழுதி வைத்துவிடவில்லை. இந்த மாதிரி விஷயங்களை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் 1980-கள் வரை வேல்ஸ் யூனியன் அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை என்பது மட்டும் பதிவில் இருக்கிறது. டைகர் பேயிலும் சுற்றுவட்டாரத்திலும் அத்தனை நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தும்.

1953 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. விகன் கிளப்பின் ஆட்கள் ஏஞ்சலினா தெரு வீட்டுக்கு வந்தார்கள். பையனுக்கு 18 வயது. போக இஷ்டமில்லை. போய்விட்டால் வேல்ஸ் கனவு அத்தோடு போச்சு. ஒருதடவை கையெழுத்துப் போட்டால் திரும்பி வர முடியாது. அம்மாவுக்கும் அனுப்ப மனசில்லை. வந்தவர்கள் மேஜையில் நோட்டுக் கட்டுகளை எடுத்து வைத்தார்கள். அம்மா யோசித்தாள். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வதைவிட, எட்டாத விலையைச் சொன்னால் அவர்களே எழுந்து போய்விடுவார்கள். மூவாயிரம் பவுண்டு கொடுங்கள், கையெழுத்துப் போடுவான் என்றாள்.

நம் அம்மாக்கள் செய்கிற வேலைதான் இது. வீட்டை விற்க மனசில்லை, கேட்டு வந்தவரை நோகடிக்கவும் மனசில்லை. ஊரில் யாரும் கொடுக்காத ஒரு தொகையைச் சொல்லி மோரும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என் பாட்டி ஒரு கறவை மாட்டை இந்த உத்தியில்தான் நாலு வருஷம் காப்பாற்றி வைத்திருந்தாள். ஐந்தாவது வருஷம் ஒருவர் கேட்ட விலையை எண்ணி வைத்தார். பாட்டி சொன்ன வார்த்தையிலிருந்து பின்வாங்கவில்லை. மாடு போனது. அன்றைக்குப் பாட்டி சாப்பிடவில்லை.

விகன்காரர்களும் எண்ணி வைத்தார்கள். 1953-ல் மூவாயிரம் பவுண்டுக்கு ஒரு நல்ல வீடு வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். வார்த்தை கொடுத்தாயிற்று. பில்லி கையெழுத்துப் போட்டார். அன்று அழுததாகப் பிற்பாடு அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

ராணுவ அணிக்கு இன்னும் யூனியன் ஆடிக்கொண்டிருந்ததால் செய்தியைச் சில மாதம் மூடி வைத்தார்கள். அந்த வருஷம் விகனின் இரண்டாம் அணிக்கு முதன்முதலாக ஆடியபோது எட்டாயிரத்துக்கும் மேல் கூட்டம். இரண்டாம் அணி ஆட்டத்துக்கு! முதல் அணியில் ஆறே ஆட்டம் ஆடியிருந்தபோது, 1954-ல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிற பிரிட்டன் அணிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இதில் ஒரு முன்கதை உண்டு. ராய் ஃபிரான்சிஸ் என்று இன்னொரு வேல்ஸ் கறுப்பின வீரர். அவர் ஆட்டத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் 1946 சுற்றுப்பயணத்துக்கு அவரைச் சேர்க்கவில்லை. ஆஸ்திரேலியாவின் 'வெள்ளையர் மட்டும்' கொள்கைக்குப் பயந்துதான் என்று பரவலாகச் சொல்வார்கள். எட்டு வருஷம் கழித்து 19 வயசுப் பையனாக பில்லி போனார். அப்படியொரு சுற்றுப்பயண அணியில் வெள்ளையரல்லாத முதல் வீரர். 18 ஆட்டத்தில் 36 ட்ரை. ஆக்லாந்து டெஸ்டில் மட்டும் நான்கு.

அவர் இடம் வலது விங், சட்டை எண் 2. கோட்டோரமாக நிற்கிறவன் வேலை கேட்க எளிமையானது. நடுவிலிருப்பவர்கள் இடித்துப் புரண்டு பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஓரத்துக்குக் கொண்டுவருவார்கள். முன்பக்கம் எறியக் கூடாது, பின்பக்கம்தான். கடைசி ஆளாக வாங்கி, எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்த வேண்டும். அதுதான் ட்ரை. அந்தக் காலத்தில் மூன்று புள்ளி. ஒரு பக்கம் வெளிக்கோடு, காலை அந்தப் பக்கம் வைத்தால் பந்து போச்சு. மறுபக்கமிருந்து இரண்டு மூன்று பேர் பாய்ந்து வருகிறார்கள். கபடி பார்த்த நமக்கு இந்த நெருக்கடி தெரியும். பாடிப் போனவன் நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நாலு பேர் பிடியில் கிடந்து கையை நீட்டுவானே, அந்தக் கணம்தான். வித்தியாசம் என்னவென்றால் இங்கே அந்தக் கணத்துக்கு முன்னால் ஐம்பது மீட்டர் ஓடியிருக்க வேண்டும்.

பெரும்பாலான விங்கர்கள் ஒல்லியாக, வழுக்கி ஓடுகிறவர்கள். பில்லி ஆரம்பத்தில் அப்படித்தான், 75 கிலோ சுமாருக்கு. போகப்போக உடம்பு வைத்து 95 கிலோவைத் தொட்டது. வேகம் பெரிதாகக் குறையவில்லை. இதுதான் எதிரிகளுக்குத் தலைவலி. விலகி ஓடுவாரா, மேலேறி ஓடுவாரா என்று தெரியாது. விலகுவார் என்று எதிர்பார்த்து நின்றால் நேரே வந்து நெஞ்சில் மோதுவார். மோதுவார் என்று காலை ஊன்றி நின்றால் இடுப்பை ஒடித்து உள்ளே போய்விடுவார். பெரியவர் இதை எனக்கு டெஸ்கோ வாசலில் தள்ளுவண்டியை வைத்துச் செய்து காட்டினார். ரொட்டி கீழே விழுந்தது. தடுப்பாட்டத்திலும் ஒரு விஷமம் உண்டு. தன் ஓரத்தை விட்டுவிட்டு உள்ளே பாய்ந்து, எதிரணியில் விங்கருக்கு உள்பக்கம் ஆடும் 'சென்டர்' பந்தை வாங்குகிற அதே நொடியில் அவர் மேல் விழுவார். தவறினால் விங் திறந்து கிடக்கும். அனேகமாகத் தவறாது.

கூடவே எரிக் ஆஷ்டன் இருந்தார், வலது சென்டர், கேப்டன். பில்லிக்கு எந்த உயரத்தில், எந்த விநாடியில் பந்து வேண்டும் என்று ஆஷ்டனுக்குத் தெரியும். இந்த ஜோடி இல்லாமல் அந்தக் கணக்கெல்லாம் வந்திருக்காது என்பது பெரியவரின் கட்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது. விகனுக்காக 1953-லிருந்து 1968 வரை 488 ஆட்டம், 478 ட்ரை. 1956-57 பருவத்தில் மட்டும் 60. ஒரே ஆட்டத்தில் ஏழு ட்ரை, இரண்டு தடவை. வெம்ப்ளியில் ஆறு சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம். 1958, 1959, 1965-ல் வெற்றி. பிரிட்டனுக்கு 31 டெஸ்ட், 1960-ல் உலகக் கோப்பை. கடைசியில் பிளாக்பூல் பரோவுக்குப் போய் 1970-ல் நிறுத்தியபோது மொத்தம் 571 ட்ரை. அவருக்கு மேலே ஒரே ஒருவர், வாரிங்டனுக்கு ஆடிய ஆஸ்திரேலியர் பிரையன் பெவன், 796.

எண்களைவிட என்னை நிறுத்தி வைத்தது 1957. ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை முடிந்து பிரிட்டன் அணி ஊர் திரும்புகிற வழியில், பிரான்ஸோடு தென்னாப்பிரிக்காவில் சில காட்சி ஆட்டம் ஆடுவதாக ஏற்பாடு. நிறவெறிச் சட்டம் முழு வீச்சில் இருந்த காலம். மற்றவர்கள் போனார்கள். பில்லி தனியாக விமானம் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். அணி முழுக்க 'அவர் இல்லாமல் நாங்களும் இல்லை' என்று நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. நிற்கவில்லை. அந்தக் காலம் அப்படி என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில்தான் அவரும் இருந்தார்.

விகனில் ஜோன் என்ற உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆட்டம் முடிந்தபிறகு சென்ட்ரல் பார்க்கை ஒட்டியே கிரிஃபின் என்ற பப்பை இருவரும் நடத்தினார்கள். மைதானத்தில் ஆரவாரம் செய்த அதே ஆட்கள் சாயங்காலம் அவர் கையால் பீர் வாங்கிக் குடித்தார்கள். 571 ட்ரை போட்டவர் கல்லாவில் நின்று சில்லறை எண்ணிக் கொடுத்தார். அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு என்றால் அவ்வளவுதான், கோடிகள் இல்லை. பெரியவர் அங்கே முதல் பீர் குடித்தபோது சட்டப்படியான வயசு வந்திருந்ததா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். விகன் ஆட்டம் இருந்தால் பில்லி ரொம்ப வருஷம் பார்க்க வருவார். புதிய மைதானத்தின் கிழக்குப் பக்கத்துக்கு அவர் பெயர்தான். 1996-ல் எம்.பி.இ. என்ற அரச விருது கொடுத்தார்கள். 2016-ல் மறதி நோய் என்று தெரிந்தது. நான் தாண்டித் தாண்டிப் போன சிலையைத் திறந்ததும் அதே வருஷம்தான்.

கார்டிஃப் என்ன செய்தது? 2023 ஜூலையில் சிலை வைத்தது, துறைமுகத்தோரம், டைகர் பேயிலிருந்து கூப்பிடு தூரத்தில். மூன்று பேர்: பில்லி, கஸ் ரிஸ்மன், கிளைவ் சல்லிவன். மூவருமே அந்த ஊரில் பிறந்து வடக்கே போய் லீக் ஆடிப் பேர் வாங்கியவர்கள். ரிஸ்மனின் பெற்றோர் லாட்வியாவிலிருந்து வந்தவர்கள். சல்லிவன் 1972-ல் உலகக் கோப்பை வென்ற பிரிட்டன் அணிக்குக் கேப்டன். எந்த விளையாட்டானாலும் பிரிட்டன் அணியொன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 42 வயதில் புற்றுநோயில் இறந்தார். ஹல் நகரத்துக்குள் நுழைகிற பெருஞ்சாலைக்கு அவர் பெயர். சிலை திறந்தபோது மூவரில் உயிரோடு இருந்தவர் பில்லி மட்டும்.

போன கோடையில் குடும்பத்தோடு கார்டிஃப் போனபோது பார்த்தேன். சுற்றிலும் ஐஸ்கிரீம் கடை, படகுச் சவாரி டிக்கெட் விற்கிறவர்கள். என் மகள் சிலையின் பூட்ஸைத் தட்டிப் பார்த்து 'உள்ளே காலி' என்று அறிவித்தாள். அப்படியே நடந்து ஏஞ்சலினா தெருவுக்குப் போனோம். தெருப்பெயர் இருக்கிறது. பழைய டைகர் பே வீடுகளை 1960-களிலேயே பெரும்பாலும் இடித்துவிட்டார்கள். மேஜையில் மூவாயிரம் பவுண்டு எண்ணி வைத்த வீடு எங்கே இருந்திருக்கும் என்று கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். மகள் பசிக்கிறது என்றாள்.

திரும்பி வந்து பெரியவரிடம் சொன்னேன். தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா சொன்ன விலையைப் பற்றிப் பேச்சு வந்தது. துரத்தி விடுவதற்காகச் சொன்ன தொகை, மாட்டிக்கொண்டார்கள் பாவம் என்றேன்.

குச்சியைத் தட்டி இறக்கிவிட்டு நிமிர்ந்தார். "அந்தக் காசு என்ன கிளப் காசா? எங்க அப்பா மாதிரி ஆளுங்க மைதான வாசல்லே கொடுத்த காசு" என்றார். "அந்த அம்மா ஐயாயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம்."